ஏலத்தின் ஏலம்: ஒப்பீட்டு நன்மைக் கோட்பாடும் கம்பம் பள்ளத்தாக்கும்

பொருளியல் பயிலும் மாணவர் எவரும் கடக்காமல் செல்ல இயலாத எடுத்துக்காட்டு ஒன்றுண்டு. டேவிட் ரிக்கார்டோ 1817இல் வெளியிட்ட அரசியல் பொருளாதார நூலில், அயல்நாட்டு வாணிபம் பற்றிய இயலில் அது வருகிறது. குறிப்பிட்ட அளவு துணியை ஓராண்டில் ஆக்கி முடிக்க இங்கிலாந்தில் 100 பேர் உழைக்க வேண்டும். அதற்கு ஈடான திராட்சை மதுவை வடிக்க 120 பேர் வேண்டும். போர்ச்சுகலிலோ மதுவுக்கு 80 பேரும் துணிக்கு 90 பேரும் போதும். இரு பண்டங்களிலும் போர்ச்சுகலே திறன் மிக்கது. ஆயினும் அது மதுவை மட்டும் ஆக்கி, துணியை இங்கிலாந்திடம் வாங்குமானால் இரு நாடுகளுக்குமே ஆதாயம் என்று ரிக்கார்டோ கணக்கிட்டுக் காட்டினார். ஒப்பீட்டு நன்மைக் கோட்பாடு எனப் பெயர் பெற்றுவிட்ட இக்கருத்தே, 1995இல் உலக வர்த்தக அமைப்பு தோன்றியபோதும் அதற்குப் பின் கையொப்பமான ஒவ்வொரு தடையற்ற வாணிப உடன்பாட்டிலும் அறிவுத்துறைச் சான்றாக முன்வைக்கப்பட்டது.

இக்கோட்பாட்டை மறுத்து எழுதப்பட்ட நூல்கள் ஒரு நூலகத்தை நிறைக்கும். அவற்றோடு இன்னொன்றைச் சேர்ப்பது நம் நோக்கமன்று. கோட்பாட்டையும் அதன் மறுப்பையும் ஒருசேரக் கையிலெடுத்துக்கொண்டு தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கில் நின்று படித்துப் பார்க்க விரும்புகிறோம். காரணம் எளிது. இப்பள்ளத்தாக்கின் மேற்குச் சுவராக நிற்கும் மலைக்கு ஏலமலை என்றே பெயர். ஒரு நாட்டுக்கு இயல்பாக வாய்த்த பண்டம் என்று ரிக்கார்டோவின் மாணவர் எவரேனும் ஒன்றைச் சுட்ட விரும்பினால், பண்டத்தின் பெயரையே தாங்கிய ஒரு மலையைவிடச் சிறந்த சான்று அவருக்குக் கிடைக்காது.

முதலில் அந்த எடுத்துக்காட்டையே சற்று ஊன்றிக் கவனிப்போம். 100, 120, 80, 90 என்னும் நான்கு எண்களுக்குள் வரலாறு இல்லை. போர்ச்சுகல் மதுவுக்கும் இங்கிலாந்து துணிக்கும் உரியவை என்பது இயற்கையின் தீர்ப்புப்போல் அங்கே வைக்கப்பட்டுள்ளது. உண்மையில் 1703ஆம் ஆண்டின் மெத்யூன் உடன்படிக்கை இங்கிலாந்தின் கம்பளித் துணிக்குப் போர்ச்சுகலின் சந்தையைத் திறந்துவிட்டது; பதிலுக்குப் போர்ச்சுகல் மதுவுக்கு இங்கிலாந்தில் வரிச்சலுகை கிடைத்தது. ரிக்கார்டோ எழுதும்போது அந்த ஏற்பாட்டுக்கு நூறு ஆண்டுகளுக்கு மேல் வயதாகியிருந்தது. அரசியல் பேரத்தால் விளைந்ததை இயல்பாக விளைந்ததாகக் காட்டியதே அந்த எடுத்துக்காட்டின் முதற்குறை. அவருக்குச் செய்ய வேண்டிய நியாயம் ஒன்றும் உண்டு. மூலதனம் நாடு விட்டு நாடு செல்லத் தயங்கும் என்பதே தம் கணக்கின் அடிப்படை என்றும், அது தடையின்றிச் செல்லுமானால் மது, துணி இரண்டுமே போர்ச்சுகலில்தான் ஆக்கப்படும் என்றும் அவரே ஒப்புக்கொள்கிறார். பாடநூல்கள் அவருடைய எண்களைப் பாதுகாத்தன. இந்த ஒப்புதலைக் கைவிட்டுவிட்டன.

மூலதனம் மட்டுமா இடம் பெயர்கிறது? செடியும் பெயர்கிறது. முதல் உலகப்போரை ஒட்டிய ஆண்டுகளில் ஆஸ்கர் மாயூஸ் க்ளோஃபர் என்னும் ஜெர்மானியக் காப்பித் தோட்டக்காரர் நடு அமெரிக்காவின் குவாத்தமாலாவில், கோபான் நகரை அடுத்த மலைகளில், ஏலத்தைப் பயிரிடத் தொடங்கினார். மழையும் நிழலும் உயரமும் ஏலமலையை ஒத்திருந்த அம்மண்ணில் செடி வேரூன்றியது. இன்று உலகிலேயே மிகுதியாக ஏலம் விளைவிப்பதும் ஏற்றுமதி செய்வதும் அந்தச் சிறிய நாடே. அந்நாட்டு மக்களின் அடுக்களையில் ஏலத்துக்கு இடமே இல்லை என்பது நினைவில் கொள்ளத்தக்கது. அவர்கள் உண்ணாத பண்டத்தை விளைவித்து, பெரும்பாலும் அரபு நாடுகளுக்கு அனுப்புகிறார்கள்.

இப்பெயர்ச்சியை ஒரு கொள்ளையாகச் சித்திரிக்க நாம் விரும்பவில்லை. அப்படிச் சித்திரித்தால் கணக்கு நம் பக்கமும் திரும்பும். பிரேசிலின் ரப்பர் விதைகள் 1876இல் இலண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டு செல்லப்பட்டு, அங்கிருந்து ஆசியாவுக்கு வந்தன. மலையாளக் கரையின் செல்வத்தில் ஒரு பங்கு அமேசான் காட்டின் இழப்பு. காப்பியோ யமன் நாட்டின் தனியுடைமையாக நெடுங்காலம் காக்கப்பட்டது. ஹஜ்ஜுக்குச் சென்று திரும்பிய சூஃபி பெரியார் பாபா புதன் அதன் விதைகள் ஏழினை மறைத்துக் கொணர்ந்து சிக்மகளூர் மலையில் ஊன்றினார் என்பது வழிவழி வரும் செய்தி. அரபியரின் காப்பி நம் மலைக்கு வந்தது. நம் மலையின் ஏலம் அவர்களுடைய காப்பிக் குவளைக்குள் போனது. இயற்கை அளித்த நன்மை என்பது ஒரு கை விதையோடு கடல் கடந்துவிடக்கூடியது என்பதே இங்கு நாம் சொல்ல விழைவது. அப்படிக் கடந்துவிட்ட பின், அந்த நன்மையை நம்பிக் காட்டைத் திருத்தி, கடன் வாங்கி, பிள்ளைகளின் படிப்பையும் திருமணத்தையும் அதன்மேல் கட்டிவிட்ட மக்கள் என்ன ஆவார்கள் என்னும் கேள்விக்கு ரிக்கார்டோவின் நான்கு எண்களில் விடையில்லை. அவர்கள் வேறு தொழிலுக்கு மாறிக்கொள்வார்கள் என்று கோட்பாடு எளிதாகக் கருதிக்கொள்கிறது.

கம்பம் பள்ளத்தாக்கு மக்களுக்கும் ஏலமலைக்கும் உள்ள உறவு பழையது. மலை திருவிதாங்கூர் அரசின் ஆளுகையில் இருந்தபோதும், கணவாய்களின் வழியே ஏறிச்சென்று காட்டைப் பேணிக் காய் எடுத்தவர்களில் கம்பம், போடி, தேவாரம் பகுதியினர் பெரும் பங்கினர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிவரை ஏலம் திருவிதாங்கூர் அரசின் தனியுரிமைப் பண்டமாக இருந்தது. விளைத்தவர் அரசிடமே ஒப்படைக்க வேண்டும். அரசு ஆலப்புழைப் பண்டசாலையில் வைத்து விற்கும். இன்றும் உயர்தரப் பச்சை ஏலத்துக்கு உலகச் சந்தையில் வழங்கும் பெயர் ‘ஆலெப்பி கிரீன்’ என்பதே. விளைந்த மலையின் பெயரோ, காய்கள் குவியும் போடியின் பெயரோ அதற்கு வாய்க்கவில்லை. விற்ற துறைமுகத்தின் பெயரே வாய்த்தது. பிற்காலத்தில் கம்பம், உத்தமபாளையம் பகுதி ராவுத்தர் குடும்பங்கள் பலவும் மலையில் தோட்டம் வாங்கின. அவ்வருவாய் கீழே பள்ளிவாசல்களாகவும் கல்விக்கூடங்களாகவும் மாறியது. 1928இல் மதுரையிலிருந்து போடிக்கு இரயில் பாதை போடப்பட்டதற்கும் மலைச்சரக்கே காரணம். அப்பாதை அகலப் பாதையாக்கப்படுவதற்கென 2010இன் இறுதியில் மூடப்பட்டு, போடிவரை மீண்டும் இரயில் வர 2023 ஆயிற்று. நறுமணப் பொருளுக்கென்றே போட்ட பாதை பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் கிடப்பில் கிடந்ததும் உலகமயம் பேசப்பட்ட அதே காலத்தில்தான்.

ஏலத்தின் உலகச் சந்தை எனப்படுவது நெடுங்காலம் வளைகுடாச் சந்தையே. அரபு நாடுகளில் விருந்தினருக்கு முதலில் நீட்டப்படும் கஹ்வா ஏலமின்றி நிறைவுறாது. 1970களில் எண்ணெய் விலை ஏறி, அங்கே வாங்கும் ஆற்றல் பெருகியபோது ஏலத்தின் தேவையும் பெருகியது. அந்தப் பெருக்கத்தை நாமே அறுவடை செய்வோம் என்று இங்கே எதிர்பார்த்திருந்தார்கள். ஆனால் குவாத்தமாலா தன் பரப்பை விரித்து, குறைந்த விலையில் பெருமளவு சரக்கை இறக்கியது. 1980களின் நடுவில் ஆண்டுக்கு மூவாயிரம் டன்னைத் தாண்டியிருந்த இந்திய ஏற்றுமதி அப்பத்தாண்டின் முடிவில் சில நூறு டன்களாகச் சுருங்கிற்று. ஏலக்காய் வாரியத்தையும் உள்ளடக்கி நறுமணப் பொருள் வாரியம் 1987இல் அமைந்தபோது, அது காக்க வேண்டிய சந்தை ஏறக்குறையக் கைநழுவியிருந்தது.

தோட்டங்கள் அழியாமல் நின்றதற்கு இரண்டு காரணங்கள். இந்திய உள்நாட்டுச் சந்தை வளர்ந்தது. பாயசமும் பிரியாணியும் தேநீரும் பான் மசாலாவும் வளைகுடா கைவிட்டதை ஏற்றுக்கொண்டன. இரண்டாவது, இடுக்கி மாவட்ட விவசாயி ஒருவர் தம் தோட்டத்திலேயே தேர்ந்தெடுத்து உருவாக்கிய ஞள்ளானி என்னும் ரகம். ஹெக்டேருக்கு நூறு கிலோவைக்கூட எட்டாதிருந்த சராசரி விளைச்சலை அது பல மடங்கு உயர்த்தியது. பன்னாட்டு விதை நிறுவனம் எதுவும் அதைத் தரவில்லை. ஆராய்ச்சி நிலையமும் தரவில்லை. ஆனால் அவ்விளைச்சலுக்கு உரமும் பூச்சிமருந்தும் மிகுதியாக வேண்டியிருந்தன. அதன் விலையைப் பின்னர்ப் பார்ப்போம்.

இனி மறுப்பாளர் பக்கம் வருவோம். அர்ஜென்டினாவின் ரவுல் ப்ரெபிஷும், ஹன்ஸ் சிங்கரும் 1950இல் தனித்தனியே முன்வைத்த கருத்து ரிக்கார்டோவுக்கு எழுந்த மறுமொழிகளில் தலையாயது. வேளாண் பண்டங்களையும் மூலப்பொருள்களையும் விற்று, ஆலைப் பண்டங்களை வாங்கும் நாடுகளுக்கு வாணிப வீதம் காலப்போக்கில் பாதகமாகவே சாயும். ஒரே இயந்திரத்தை வாங்க ஆண்டுக்காண்டு மேலும் மேலும் மூட்டைகளை விற்க நேரும் என்பது அதன் சாரம். மூன்றாம் உலகின் தன்மானத்துக்கு இது பெரும் ஆறுதலாக இருந்தது. நம் சமுதாய இதழ்களில் உலகமயமாக்கலைப் பற்றி வெளியான கட்டுரைகளும் பெரும்பாலும் இதன் எளிய வடிவத்தையே ஏற்று, மேலைநாடு சுரண்டுகிறது, கீழைநாடு சுரண்டப்படுகிறது என்று எழுதின. அதற்குமேல் சிலுவைப் போர்க் கால நினைவையும் சேர்த்துக்கொண்டால் கட்டுரை முற்றுப்பெற்றுவிடும்.

ஏலத்தில் இந்தச் சட்டகம் பொருந்துவதில்லை. விற்கும் இரு நாடுகளுமே காலனியத்தின் கீழ் இருந்தவை. விலையை ஏற்றவும் இறக்கவும் வல்ல வாங்குவோர் நியூயார்க்கிலோ இலண்டனிலோ இல்லை. ரியாத்திலும் ஜித்தாவிலும் துபாயிலும் இருக்கிறார்கள். நம் பள்ளத்தாக்கின் தோட்டக்காரரைத் தோற்கடித்தது வெள்ளையரின் ஆலைப் பண்டமன்று; அவரினும் வறியவரான இன்னொரு மலைவாசி விளைத்த அதே ஏலக்காய். மேலை ஆதிக்கம் இதில் இல்லவே இல்லையா என்றால், இருக்கிறது. ஆனால் அது நாம் தேடிய இடத்தில் இல்லை.

குவாத்தமாலாவின் ஏலம் விளைவது ஆல்தா வேராபாஸ் மாகாணத்தில். அங்கு வாழ்பவர்கள் மாயா இனத்தின் ஒரு பிரிவினரான கெக்சி மக்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் காப்பித் தோட்டங்களுக்காக அவர்களின் பொதுநிலங்கள் பறிபோயின. சொந்த மண்ணிலேயே கட்டாய உழைப்பாளர் ஆயினர். 1952இல் அர்பென்ஸ் அரசு தரிசாகக் கிடந்த பெருநிலங்களை எடுத்து உழவருக்குப் பகிரச் சட்டம் செய்தது. 1954இல் அமெரிக்க உளவுத்துறையின் ஏற்பாட்டில் அவ்வரசு கவிழ்க்கப்பட்டது. நிலங்கள் பழைய உடைமையாளருக்கே திரும்பின. 1960 முதல் 1996 வரை உள்நாட்டுப் போர். 1978 மே 29 அன்று இதே மாகாணத்தின் பான்சோஸ் ஊரில் நில உரிமை கேட்டுத் திரண்ட கெக்சி மக்கள்மீது இராணுவம் சுட்டது. பெண்களும் குழந்தைகளுமாகப் பலர் மாண்டனர். குவாத்தமாலா ஏலம் நம் ஏலத்தைவிட மலிவாக இருந்ததற்கு மண்ணின் வளம் மட்டும் காரணமன்று. நிலமும் கூலியும் துப்பாக்கி முனையில் மலிவாக்கப்பட்டிருந்தன. ரிக்கார்டோவின் மொழியில் அதுவும் ஒப்பீட்டு நன்மையே.

இன்று அங்கே ஏலம் பெரும்பாலும் சிறு குடும்பங்களின் துண்டு நிலத்தில் விளைகிறது. பச்சைக் காயை உலர்த்தும் வசதி அவர்களிடம் இல்லை. பறித்த காயைத் தேக்கி வைக்க முடியாது. மலைப்பாதையில் வந்து நிற்கும் இடைத்தரகருக்கு அவர் சொன்ன விலைக்கே கொடுக்க வேண்டும். அத்தரகரை அங்குள்ளோர் ‘கொயோத்தே’ என்பர்; ஓநாய் இனத்து விலங்கின் பெயர் அது. அவர்களுக்கு நேர்ந்ததை அறியாமல் ‘குவாத்தமாலா நம்மை அழித்துவிட்டது’ என்று போடியில் நாம் சொல்லும்போது அந்த வாக்கியத்தின் எழுவாயே பிழையாகிறது.

நாடு என்னும் அலகே இங்குச் சிக்கலாகிறது. ரிக்கார்டோவும் ப்ரெபிஷும் எதிரெதிரே நின்றாலும் இருவருமே நாடுகளைத்தான் எண்ணினார்கள். இந்தியா பெற்றது, இந்தியா இழந்தது என்று கணக்கிடுவதற்குமுன், எந்த இந்தியா என்று கேட்க வேண்டியுள்ளது. குமுளி, கம்பம் மெட்டு, போடி மெட்டு ஆகிய மூன்று வழிகளிலும் விடியுமுன் ஏறும் ஜீப்புகளைக் கண்டவர்களுக்கு இக்கேள்வி புதிதன்று. கூடலூர், கம்பம், கோம்பை, தேவாரம், போடி முதலிய ஊர்களிலிருந்து பெண்கள், பெரும்பாலும் நிலமற்ற குடும்பத்தினர், வண்டன்மேடு, நெடுங்கண்டம், உடும்பஞ்சோலைப் பகுதித் தோட்டங்களுக்கு நாள்தோறும் சென்று திரும்புகிறார்கள். ஒரு வண்டியில் ஏற்றத்தக்க அளவுக்கு மிஞ்சிய ஆட்கள். போடி மெட்டுச் சாலையில் மட்டும் பதினேழு கொண்டை ஊசி வளைவுகள். ஏலம் கிளையில் காய்ப்பதில்லை. தூரையொட்டித் தரையில் படரும் சரத்தில் காய்ப்பது. ஆகவே காயெடுப்பது நாள் முழுவதும் குனிந்தும் குத்தவைத்தும் செய்யும் வேலை. ஐந்து கிலோ அளவுக்குப் பச்சைக்காய் எடுத்தால் ஒரு கிலோ உலர்காய் தேறும்.

1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் குடியிருப்பு, மருத்துவம், குழந்தைக் காப்பகம் ஆகியவற்றை முதலாளியின் கடமையாக்கியது. ஆனால் ஐந்து ஹெக்டேருக்குக் குறைந்த தோட்டங்கள் அதன் வரம்புக்குள் வரவில்லை. ஏலத்தோட்டங்களில் பெரும்பாலானவை அத்தகையவை. அன்றாடம் மலையேறி இறங்கும் பெண்ணுக்கோ அந்தக் குடியிருப்பு இருந்தும் பயனில்லை. 1956இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் சேர்ந்தன. அவள் வேலை ஒரு மாநிலத்திலும் குடும்ப அட்டை இன்னொன்றிலும் என்றாயிற்று. 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு அணைச் சிக்கல் முற்றியபோது மலைமேல் இருந்த தமிழ்த் தொழிலாளர்கள் அஞ்சி ஆயிரக்கணக்கில் இறங்கி வந்தார்கள். பாதைகள் அடைபட்டன. சரக்குக்கு நாடுகளின் எல்லைகளே கரைந்துகொண்டிருப்பதாகச் சொல்லப்பட்ட காலத்தில், ஒரே நாட்டின் இரு மாவட்டங்களுக்கு இடையே உழைப்பவருக்கு எல்லை எழுந்தது. அண்மை ஆண்டுகளில் அசாம், ஜார்க்கண்ட், மத்தியப் பிரதேசம் ஆகிய மாநிலங்களிலிருந்தும் ஆட்கள் அத்தோட்டங்களுக்கு வருகிறார்கள். கெக்சி உழவர் நமக்குப் போட்டியானதுபோல் இப்பெண்களுக்கு அவர்கள் போட்டி.

விலைக்கும் கூலிக்கும் உள்ள தொடர்பைக் காண 2019ஆம் ஆண்டு போதும். முந்திய ஆண்டின் பெருவெள்ளமும் அவ்வாண்டின் வறட்சியும் விளைச்சலைக் குலைத்திருந்தன. ஓராண்டுக்கு முன் ஆயிரம் ரூபாயை ஒட்டி இருந்த ஏலம் அவ்வாண்டு ஆகஸ்டில் கிலோ 7,000 ரூபாய்வரை ஏலம் போனது. வரலாற்றில் அதுவரை இல்லாத விலை. அந்நாள்களில் காயெடுத்தவளின் கூலி ஏழு மடங்காகவில்லை. விளைச்சல் குறைந்ததால் அவளுக்குக் கிடைத்த வேலைநாள்களே குறைந்தன. அவ்விலையைக் கண்டு புதிதாகச் செடி வைத்தோரும் குத்தகைக்கு எடுத்தோரும் 2022இல் விலை ஆயிரத்துக்கும் கீழே சரிந்தபோது கடனில் நின்றார்கள். ஏற்றுமதிக் கணக்கும் இதையே வேறு விதமாகச் சொல்கிறது. 2019-20இல் ஏறத்தாழ 1,850 டன் ஏற்றுமதியாகி 425 கோடி ரூபாய் கிடைத்தது. 2021-22இல் ஏறத்தாழ 10,570 டன் சென்று 1,375 கோடி கிடைத்தது. அளவு ஐந்தரை மடங்குக்கு மேல். வரவு மூன்று மடங்கை ஒட்டியே. இரண்டாம் ஆண்டின் ஏற்றுமதியை வெற்றி என்று கொண்டாடும் அறிக்கையில் கிலோவுக்குக் கிடைத்தது எவ்வளவு என்பதையும் வகுத்துப் பார்க்க வேண்டும்.

இவ்விலையை முடிவு செய்யும் இடம் போடியிலும், மலைமேல் புற்றடியிலும் உள்ள ஏலக்கூடங்கள். இங்கே மொழி நமக்கு ஒரு விந்தையை வைத்திருக்கிறது. ஏலம் என்பது காய்; ஏலம் என்பது கூவி விற்றல். அகராதிகள் இரண்டையும் தனிச்சொற்களாகவே கொள்கின்றன. காயைக் குறிக்கும் சொல் தொன்மையானது. விற்பனையைக் குறிப்பது ‘லெயிலாவ்’ என்னும் போர்த்துக்கேயச் சொல்லின் திரிபு. அப்போர்த்துக்கேயச் சொல்லுக்கும் மூலம் அறிவித்தல் என்னும் பொருளுடைய அரபிச் சொல் என்பர். 1498க்குப் பின் அரபு, மாப்பிள்ளை, மரைக்காயர் வணிகரின் கடல்வழிகளைப் பீரங்கியால் அடைத்தவர்கள், அவ்வணிகரின் மொழியிலிருந்து தாம் முன்பே பெற்றிருந்த சொல்லை நமக்குத் தந்து சென்றார்கள். ரிக்கார்டோவின் எடுத்துக்காட்டில் அப்பாவியாக மது வடித்துக்கொண்டிருந்த போர்ச்சுகலும் இதே போர்ச்சுகல்தான்.

2007இல் இக்கூடங்களில் மின்னணு ஏலம் வந்தது. கூவுவோர் மறைந்தனர், வணிகர்கள் கணினித் திரையின்முன் அமர்ந்து, கிண்ணத்தில் வரும் மாதிரிக் காயைப் பார்த்து விலையை ஏற்றுகிறார்கள். எவர் எவ்வளவு கேட்டார் என்பது பதிவாகிறது. இது உண்மையான முன்னேற்றம், மறுப்பதற்கில்லை. ஆயினும் தோட்டக்காரர்களின் குறைகள் ஓயவில்லை. மாதிரிக்கென எடுக்கும் காய் திரும்புவதில்லை என்பது ஒன்று. ஒரு கூடத்தில் வாங்கிய சரக்கையே மறுபடி ஏலத்துக்குக் கொண்டுவந்து வரத்தைப் பெருக்கிக் காட்டுகிறார்கள் என்பது மற்றொன்று. வரத்து மிகுதி என்ற தோற்றமே விலையை அமுக்கப் போதுமானது.

இவ்விடத்தில் நம் மரபின் ஃபிக்ஹு நூல்கள் பயனுடையவை. மிகுவிலை கேட்போருக்கு விற்கும் முஸாயதா முறை ஆகுமானது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வறியவர் ஒருவரின் விரிப்பையும் கிண்ணத்தையும் அவ்வாறு விற்றுக் கொடுத்த செய்தி ஹதீஸ் நூல்களில் உண்டு. ஆனால் வாங்கும் எண்ணமின்றி விலையைக் கூட்டிக் கேட்கும் நஜ்ஷ் தடுக்கப்பட்டது. சந்தை விலை அறியாமல் வரும் வணிகக் கூட்டத்தை ஊர் எல்லைக்கு வெளியே எதிர்கொண்டு சரக்கை வாங்கிக்கொள்ளும் தலக்கீயும் தடுக்கப்பட்டது. பின்னதன் காரணத்தைச் சட்ட அறிஞர்கள் ஆராய்ந்தபோது, ஒருவர் அறிந்ததும் மற்றவர் அறியாததும் ஆகிய ஏற்றத்தாழ்வையே சுட்டினார்கள். மலைப்பாதையில் நிற்கும் கொயோத்தேயை இதைவிடத் துல்லியமாக வரையறுக்க முடியாது. விலையைக் கட்டுப்படுத்துமாறு கேட்கப்பட்டபோது நபியவர்கள் மறுத்தார்கள் என்பதைக் காட்டித் தடையற்ற சந்தைக்கு இஸ்லாமியச் சான்று தேடுவோர், வணிகர் தமக்குள் கூடி விலையைப் பிடித்து வைக்கும் நிலையில் ஆட்சியாளர் தலையிட வேண்டும் என்ற இப்னு தைமிய்யாவின் ஹிஸ்பா நூல் விளக்கத்தையும் சேர்த்துப் படிப்பது நலம்.

இப்னு கல்தூன் இன்னும் நெருக்கமானவர். 1377இல் எழுதிய முகத்திமாவில், ஈட்டப்படும் பொருள் யாவும் மனித உழைப்பின் மதிப்பே என்கிறார். ரிக்கார்டோவுக்கு நானூற்று நாற்பது ஆண்டுகள் முந்திய கூற்று. அதோடு நில்லாமல், ஒரு பண்டத்தின் விலை நீண்டகாலம் தாழ்ந்து கிடந்தால் அதில் ஈடுபட்டோர் முதலை இழந்து அத்தொழிலே நசியும் என்றும், அளவுமீறி உயர்ந்தாலும் அவ்வாறே கேடு என்றும் எழுதினார். 2019ஐயும் 2022ஐயும் அடுத்தடுத்துக் கண்ட போடி வணிகருக்கு இதை விளக்க உரை வேண்டியதில்லை. அவருடைய சிந்தனையில் நாடு என்னும் அலகு இன்றைய பொருளில் இல்லை. நகரமும் அதன் சுற்றுப்புறமும், உழைப்போரும் அவ்வுழைப்பால் வாழ்வோருமே உள்ளனர். ஏலமலையையும் கம்பம் பள்ளத்தாக்கையும் போடிக் கூடத்தையும் ஒரே பொருளியலாகக் காண அப்பார்வை ரிக்கார்டோவினும் ப்ரெபிஷினும் நமக்கு அதிகம் உதவுகிறது.

பூச்சிமருந்தைப் பற்றிச் சொல்ல எஞ்சியிருக்கிறது. ஞள்ளானியின் விளைச்சலுக்குப் பின் ஏலம் மிகுதியாக மருந்தடிக்கப்படும் பயிர்களுள் ஒன்றாயிற்று. 2018ஐ ஒட்டிச் சவூதி அரேபியா எச்ச வரம்பைக் காட்டி இந்திய ஏலத்துக்குக் கதவடைத்தது. உண்பவரின் உடல்நலம் கருதிய நடவடிக்கை அது. அதைக் குறைகூற இடமில்லை. சுங்கவரிகள் தளர்ந்துவரும் காலத்தில் தர வரம்புகளே புதிய சுங்கச்சாவடிகள் என்று பொருளியலார் சிலர் சொல்வதும் பொய்யன்று. ஆனால் அந்த ஆய்வுக்கூடங்களில் சோதிக்கப்படுவது காய் மட்டுமே. முகத்தில் ஒரு துணியைக் கட்டிக்கொண்டு மருந்தடித்தவரின் இரத்தத்தையோ, மறுநாளே அச்செடிகளுக்கிடையில் குத்தவைத்துக் காயெடுத்தவளின் கைத்தோலையோ சோதிக்க எந்த உடன்படிக்கையிலும் விதி இல்லை. ஹலால் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கும் நம் ஏற்றுமதியாளர்களிடமும் அதைப் பற்றி எவரும் கேட்பதில்லை.

2024இல் குவாத்தமாலாவின் விளைச்சல் வறட்சியாலும் பூச்சியாலும் பெரிதும் வீழ்ந்தது. வளைகுடா வணிகர்கள் மீண்டும் இந்திய ஏலத்தை நாடினார்கள். போடியில் விலை ஏறியது. கோபானைச் சூழ்ந்த மலைகளில் கெக்சிக் குடும்பங்கள் ஓராண்டு வருவாயை இழந்த அதே பருவத்தில், கம்பம் மெட்டு வழியே விடியுமுன் ஏறும் ஜீப்புகள் வழக்கம்போல் ஏறிக்கொண்டிருந்தன.